பதினாலாவது கேள்வி

பதிமூன்று கேள்விகளுக்கும் நாகஜோதி மளமளவென்று பதில் எழுதிவிட்டாள். பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, படிப்பு பி.காம்., முன் அனுபவம் ஜவுளிக்கடைக் கணக்குப் பிரிவில் இரண்டு வருடம், வேலையை விட்ட காரணம் குடும்பச் சூழ்நிலை. இந்தக் குடும்பச் சூழ்நிலை என்ற வார்த்தையைக் கண்டுபிடித்தவன் நன்றாக இருக்க வேண்டும், எத்தனை பேர் மானத்தைப் போர்த்தி வைத்திருக்கிறது. பதினாலாவதில் பேனா நின்றுவிட்டது. ‘தங்களுக்கு ஏதேனும் நோயோ உடல் குறைபாடோ உண்டா? ஆம் / இல்லை. ஆம் எனில் விவரம்.’ விவரத்துக்கு எதிரே இரண்டு அங்குலத்துக்குப் புள்ளிக்கோடு போட்டிருந்தார்கள். பதினோரு வருடத்தை இரண்டு அங்குலத்தில் எழுதச் சொல்கிற தாராள மனசு. அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். மதுரையில் மருந்து மொத்த வியாபாரம் செய்கிற கம்பெனியின் இரண்டாவது மாடி அது. வரிசையாகப் பிணைத்த இரும்பு நாற்காலிகளில் பதினோரு பெண்கள், எல்லாரும் ஒரே பில்லிங் வேலைக்கு. மூலையில் ஜெராக்ஸ் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. சுவர்க் கடிகாரத்தில் பத்து நாற்பது. மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மேடம், பெயர் கூப்பிடும்போது பாரத்தைப் பூர்த்தி செய்து கையில் வைத்திருக்க வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டாள்.

ஆம் என்றால், என்னவென்று எழுதுவது? அதற்குப் பெயர் வைப்பதிலேயே வீட்டில் ஒற்றுமை கிடையாது. டாக்டர் எபிலெப்சி என்பார். அம்மா ‘அந்தக் கோளாறு’ என்பாள். அண்ணன் சேதுபதி அதிலும் சிக்கனம், வெறும் ‘அது’. “அது வந்து எத்தனை மாசமாச்சு?” என்று கேட்பான், ஊரிலிருந்து வர வேண்டிய சொந்தக்காரரை விசாரிக்கிற மாதிரி. தெருவில் காக்காய் வலிப்பு. ஜவுளிக்கடையில் பிட்ஸ் என்றார்கள், அங்கே கொஞ்சம் நாகரிகம். அங்கேதான் கடைசியாக வந்தது, இரண்டு வருடம் நான்கு மாதம் முன்னால், பதினொன்றரை மணி டீக்கு எல்லாரும் எழுந்த நேரத்தில். முதலில் டயர் கருகுகிற வாசம் வந்தது, எப்போதும் போல. அப்புறம் ஒன்றும் இல்லை. கண்ணைத் திறந்தபோது தரையில் கிடந்தாள், சேலை நனைந்திருந்தது, நாலு பேர் முகம் மேலே வட்டமாகத் தெரிந்தது. பக்கத்து மேஜைக்காரி புவனா சேலையைக் கால்வரைக்கும் இழுத்துவிட்டாள். நல்ல பெண்தான். ஆனால் வாயில் எப்படி நுரை தள்ளியது, கண் எப்படிச் சொருகியது என்று ஒரு வாரம் ஒவ்வொரு மாடியாக நடித்துக் காட்டியதும் அவள்தான். அடுத்த நாள் நாகஜோதியின் டீ டம்ளர் தனியாக ஜன்னலோரம் கவிழ்ந்திருந்தது. யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. முதலாளி கூப்பிட்டு உட்காரச் சொல்லி, “ஒன் நல்லதுக்குத்தாம்மா சொல்றேன், கொஞ்ச நாள் வீட்ல இரு” என்றார். அந்தக் கொஞ்ச நாளுக்குத்தான் இன்று இரண்டு வருடம் நான்கு மாதம் ஆகிறது.

உண்மையை எழுதிப் பார்க்காமலும் இல்லை. “மறைக்காதம்மா, கன்ட்ரோல்ல இருக்குன்னு தைரியமா எழுது” என்று டாக்டர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, போன வருடம் ஒரு இடத்தில் ஆம் போட்டு, அழகான கையெழுத்தில் விவரமும் எழுதினாள். பேட்டி எடுத்த மனிதர் படித்தார். நாற்காலியை ஒரு சாண் பின்னால் நகர்த்திக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, “இப்ப வருமா?” என்று கேட்டார். வரச் சொல்லவா சார் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கிற வாயா அது? “இல்ல சார், மாத்திரை சாப்பிடுறேன் சார்” என்று கெஞ்சிற்று. சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். சரி, இல்லாத வியாதிக்காரியாக இருப்பதற்குப் பதில் இருக்கிற வியாதிக்காரியாக இருந்துவிடலாம் என்று மாற்றுத்திறனாளி சர்டிபிகேட் கேட்டு ஒரு ஆபீசுக்குப் போனால், அங்கிருந்தவர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “கை கால் நல்லாத்தானம்மா இருக்கு, எதுக்கு இந்த ஆசை?” என்றார். வேலை கேட்டால் நோயாளி, சர்டிபிகேட் கேட்டால் நல்ல உடம்புக்காரி. இப்படி இரண்டு வீட்டுக்கும் ஆகாமல் நடுத்தெருவில் நிற்கிறவளுக்கு அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறான். உசிலம்பட்டியில் ஒருவர், மனைவி இறந்து ஒரு வருடம், இரண்டு பிள்ளைகள். வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறார். இன்று செவ்வாய். “இந்த வேல கெடச்சா வேண்டாம்னு சொல்லிர்றேன் ஜோதி. கெடைக்கலன்னா வாயத் தெறக்காமச் சேலையக் கட்டிக்கிட்டு வந்து நிக்கணும். அத அவங்கட்ட யாரும் சொல்லக் கூடாது.” ஆக அங்கேயும் ஒரு பதினாலாவது கேள்வி இருக்கிறது, அதற்கு அண்ணனே இல்லை என்று எழுதிவிட்டான். அவர் கண்டுபிடிக்கிற அன்றைக்கு எந்த அறையில், எந்தப் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும்போது விழுந்து கிடப்பாள்? அந்தப் பிள்ளைக்கு எத்தனை வயது என்றுகூட அண்ணன் சொல்லவில்லை.

இல்லை என்று எழுதிவிட்டால் என்ன, ஒரு வார்த்தைதானே. காலையில் இதே வேலைக்காக இங்கே எழுதிய பரீட்சையில் அதைவிடப் பெரிய பொய் எழுதியாகிவிட்டது. மருந்துப் பெயர்கள் இந்தப் பக்கம், நோய்கள் அந்தப் பக்கம், பொருத்துக. ஐந்தில் நான்கு அவளுக்குக் குத்துமதிப்புதான். ஐந்தாவது, பதினோரு வருடமாகக் காலையில் ஒன்று ராத்திரியில் ஒன்று என்று விழுங்கி வருவது. அதைப் பார்த்ததும் கை தானாக வலிப்பை நோக்கிக் கோடு இழுக்கப் போனது. ஐயோ என்று சுதாரித்து, வளைத்து, அல்சரில் கொண்டுபோய் முட்டிவிட்டாள். தெரிந்த ஒரே விடையைத் தப்பாக எழுதிய புத்திசாலி உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். மடியில் கைப்பை கனத்தது. கனம் அந்தச் சாவியினால். பழைய இரும்புக்கடையில் அம்மா பொறுக்கி எடுத்து வந்தது, ஒரு சாண் நீளம், எந்தப் பூட்டுக்கும் சேராது. வெளியே புறப்பட்டால் அம்மா முதலில் பையைத் தடவிச் சாவி இருக்கிறதா என்று பார்ப்பாள், மாத்திரை அப்புறம்தான். டாக்டர் இதைக் கேட்டுச் சிரித்தார். “இரும்புக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லம்மா. ரெண்டு மூணு நிமிசத்துல தானா நிக்கும். நிக்கிற நேரத்துல சாவியக் குடுத்துட்டுச் சாவியால நின்னுச்சும்பாங்க. ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, தலைக்கு அடில துணி வச்சு, வாயில எதையும் திணிக்காம இருந்தாப் போதும். அதுவும் கையக் காலப் புடிக்கவே கூடாது.” அம்மா தலையாட்டினாள். வீட்டுக்கு வந்து சாவியைப் புளி போட்டு விளக்கிப் பைக்குள் வைத்தாள். துரு நாற்றம் கைக்குட்டைவரை ஏறியிருக்கிறது. துரு நாற்றம் பரவாயில்லை, கருகல்தான் கூடாது. நாகஜோதி காலையிலிருந்து நூறாவது தடவையாக மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. பினாயில், யாரோ வைத்திருந்த மல்லிகை, அவ்வளவுதான்.

“அக்கா, ஏதோ கருகுற வாசம் வருதாக்கா ஒங்களுக்கு?” பக்கத்து நாற்காலிப் பெண் கேட்டாள். மஞ்சள் சுடிதார், இருபத்துமூன்று இருபத்துநாலு வயதிருக்கும், பெயர் ஜெனிட்டா என்றும் திண்டுக்கல்லிலிருந்து முதல் பஸ்ஸில் வந்ததாகவும் காலையிலேயே சொல்லியிருந்தாள். தனக்கு வந்துவிட்டதோ என்றுதான் நாகஜோதிக்கு முதல் பயம். மூச்சை இழுத்தாள். பினாயில், மல்லிகை. கருகல் இல்லை. மறுபடி இழுத்தாள். இல்லவே இல்லை. எதிர் வரிசையில் யாரும் மூக்கைச் சுளிக்கவில்லை, மேடம் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். இதே கேள்வியை இதே குரலில், சும்மா கேட்கிற மாதிரி, தானே எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறாள், அதற்கு என்ன அர்த்தம் என்பது நாகஜோதிக்குத் தெரியாதா? விழுவதற்கு இன்னும் ஒரு நிமிடம் இருக்கும், சிலருக்கு இரண்டு. கையைப் பிடித்து, ‘வா, வராந்தாவுல போயித் தரையில படுத்துக்க, நான் பக்கத்துல இருக்கேன்’ என்று கூட்டிப்போகலாம். ஒரு வாக்கியம். உலகத்திலேயே தனக்கு யாராவது சொல்ல மாட்டார்களா என்று பதினோரு வருடமாகக் காத்திருக்கிற வாக்கியம். “ஜெராக்ஸ் மிஷின் சூடாயிருக்கும்” என்றாள் நாகஜோதி. “அப்படியாக்கா” என்று அந்தப் பெண் நிம்மதியாகச் சிரித்தாள், பாவி, நம்பிவிட்டாள். நாகஜோதி எழுந்து, பேன் காற்று வரவில்லை என்று பொதுவாக முனகிக்கொண்டு, இரண்டு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தாள். ஏன் எழுந்தாள் என்று பிற்பாடு எவ்வளவோ காரணம் சொல்லிக்கொள்ளலாம். காரணம் ஒன்றுதான், அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

பதினொன்று ஏழுக்கு அது நடந்தது. நேரம் அவ்வளவு சரியாகத் தெரியக் காரணம், விழுகிற சத்தம் கேட்டதும் பழக்கத்தில் கண் கடிகாரத்துக்குத்தான் போயிற்று. ஜெனிட்டாவின் கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பி, தொண்டையிலிருந்து மாடு கத்துவதுபோல ஒரு சத்தம் வந்து, ஆள் அப்படியே முன்னால் சரிந்தாள். தாங்கிப் பிடிக்கப் பக்கத்தில் ஆள் இல்லை, இரண்டு நாற்காலி காலியாக இருந்ததே. நெற்றி நாற்காலிக் காலில் மோதிற்று. பெண்கள் அலறிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார்கள். செக்யூரிட்டிக்காரர் ஓடிவந்து கைகள் இரண்டையும் தரையோடு அமுக்கினார். மேடம் டீ கலக்குகிற ஸ்பூனை எடுத்துவந்து பல்லுக்கிடையில் திணிக்கப் பார்த்தாள். அமுக்காதீர்கள், ஸ்பூனை எடுங்கள், ஒருக்களித்துத் திருப்புங்கள், இவ்வளவும் நாகஜோதியின் வாய்க்குள் வரிசையாக நின்றன. சொன்னால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஒனக்கு எப்படிம்மா தெரியும் என்று ஒருவராவது கேட்பார். எங்க அக்கா நர்ஸ் என்று ஒரு பொய் போதும். ஆனால் அந்தப் பொய் அவளுக்குத் தோன்றியதே பத்து நிமிடம் கழித்துத்தான், அந்த நேரத்தில் தோன்றவில்லை, சத்தியமாகத் தோன்றவில்லை. அந்த நேரத்தில் அவள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். தனக்கு வருவதை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை, எப்படிப் பார்த்திருக்க முடியும்? இப்படித்தானா கண் வெள்ளையாக நிற்கும், இப்படித்தானா குதிகால் தரையில் அடிக்கும், எச்சில் இப்படிக் காதுப்பக்கம் வழியுமா, சுடிதார் இப்படி எல்லாருக்கும் முன்னால் நனையுமா? அருவருப்பாக இருந்தது. வாய்விட்டுச் சொல்ல முடியாத அருவருப்பு. ஜன்னலோரம் டம்ளரைக் கவிழ்த்தவர்கள் மேல் இரண்டு வருடமாக வைத்திருந்த கோபம் அந்த நிமிடத்தில் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. அவர்கள் இடத்தில் இருந்தால் அவளும் கவிழ்த்திருப்பாள்.

“இரும்பு! யார்ட்டயாச்சும் இரும்பு இருக்கா?” என்று செக்யூரிட்டிக்காரர் கத்தினார். ஆளாளுக்குப் பையைத் திறந்தார்கள். ஸ்கூட்டர் சாவிகள் வந்தன, எல்லாம் தலையில் பிளாஸ்டிக் மாட்டியவை. “பிளாஸ்டிக் வேணாம்மா, நல்ல இரும்பாக் குடுங்க!” நாகஜோதியின் கை பைக்குள் போயிற்று. இது ஒன்றுக்கும் உதவாது என்று அங்கே இருந்தவர்களில் நிச்சயமாகத் தெரிந்தது அவளுக்கு மட்டும்தான். உதவாது என்று தெரியாதவர்கள்தான் சாவி கொடுப்பார்கள், அதனால் கொடுத்தாள். அந்த ஒரு சாண் சாவியை எல்லாரும் பார்க்கும்படி எடுத்துக்கொண்டு போய், மண்டியிட்டு, துடிக்கிற விரல்களைப் பிரித்து உள்ளே வைத்து மூடினாள். கடிகாரத்தில் பதினொன்று ஒன்பது. துடிப்பு ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியும். இன்னும் நாலு உதறல், அப்புறம் ஒரு பெரிய மூச்சு. “பாத்தீங்களா, இரும்பு பட்டதும் நின்னுருச்சு!” என்றார் செக்யூரிட்டிக்காரர். மேடம் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, “நல்லவேளைம்மா, நீ இருந்த” என்றாள். ஒரு பெண் நாகஜோதியின் தோளைத் தட்டினாள். சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்வானேன். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அவள் வட்டத்துக்கு வெளியே, நிற்கிறவர்களோடு நின்றாள். ஜெனிட்டாவைத் தூக்கி வெளி வராந்தாவுக்குக் கொண்டுபோனார்கள். உதட்டில் ஸ்பூன் கிழித்த இடத்தில் ரத்தம் வந்துகொண்டிருந்தது. நாகஜோதி தன் நாற்காலிக்குத் திரும்பி, பாரத்தை மடியில் வைத்து, பதினாலாவது கேள்வியில் ஆம் என்பதை அடித்துவிட்டு இல்லை என்பதைச் சுற்றி வட்டம் போட்டாள்.

பெயர் கூப்பிட்டு உள்ளே போனபோது, மேனேஜர் வழுக்கைத் தலையோடு பார்க்கச் சாதுவாக இருந்தார். “நீங்கதான் சாவி குடுத்தீங்களாமே. எல்லாரும் பதறுறப்ப நீங்க பதறலன்னு மேடம் சொன்னாங்க” என்று பாராட்டியபடியே பாரத்தைப் புரட்டினார். “நோய் நொடி இல்லைன்னு போட்டிருக்கீங்க. சந்தோசம். அந்தப் பொண்ணும் இல்லைன்னுதாம்மா போட்டிருக்கு. மனுசங்கள எப்படி நம்புறது, சொல்லுங்க?” பதில் எதிர்பார்த்துத்தான் அவர் கேட்டார். “சொல்லியிருக்கணும் சார்” என்றாள் நாகஜோதி. “என்ன இருந்தாலும் மறைக்கிறது தப்பு சார்.” குரல் எங்கும் தட்டாமல் வந்தது. அவர் தலையாட்டிக்கொண்டே விடைத்தாளை எடுத்தார். நெற்றி சுருங்கிற்று. “ஒண்ணுதான் எனக்குப் புரியல. இந்த அஞ்சாவது மருந்து, மெடிக்கல் ஷாப்ல நாலு நாள் நின்னவங்களுக்கே தெரியும், வலிப்பு மாத்திரை. மத்த எல்லாரும் சரியாப் போட்டுட்டாங்க. ரெண்டே பேருதான் தப்பு. நீங்க அல்சர்னு போட்டிருக்கீங்க, அந்தப் பொண்ணு ஆஸ்துமான்னு போட்டிருக்கு.” அந்தப் பெண்ணும் கோட்டை வளைத்திருக்கிறாள். மேனேஜர் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். இதோ இப்போது இரண்டையும் கூட்டிவிடுவார், இதோ. அவர் கூட்டவில்லை. “பரவால்ல, வேலைக்கு வந்தா தானாப் பழகிரும். தெனம் நூறு பில்லுல அந்தப் பேர அடிக்கணும்” என்று சிரித்தார். “திங்கக்கிழமை வந்துருங்க.”

வெளியே வராந்தா பெஞ்சில் ஜெனிட்டா உட்கார்ந்திருந்தாள். நெற்றி வீங்கியிருந்தது, நனைந்த சுடிதாரின் மேல் யாரோ பழைய செய்தித்தாளைப் போட்டிருந்தார்கள், அவள் அப்பா வரும்வரை போகக் கூடாது என்று செக்யூரிட்டிக்காரர் தள்ளி நின்று காவல் காத்தார். பார்க்காமல் படியிறங்கிவிடலாம் என்றுதான் நாகஜோதி நடந்தாள். “அக்கா.” நின்றாள். அந்தப் பெண் சாவியை நீட்டினாள். “ஒங்களுதுன்னு சொன்னாங்க.” நாகஜோதி வாங்கிக்கொண்டாள், ஈரமாக இருந்தது. ஜெனிட்டாவின் நாக்கு இன்னும் தடித்துத்தான் புரண்டது. “எங்க வீட்லயும் இதே மாதிரி ஒண்ணு இருக்குக்கா. அம்மா குடுத்துவிட்டாங்க, நாந்தான் இன்னைக்கு வேணும்னே வீட்லயே வச்சிட்டு வந்தேன். யாராச்சும் பாத்துட்டாக் கேப்பாங்கள்ல, எதுக்கு இதுன்னு.” கொஞ்சம் நிறுத்தினாள். “நீங்க எதுக்குக்கா வச்சிருக்கீங்க?” நாகஜோதி, “வீட்டுச் சாவி” என்றாள். “பூட்டு ரொம்பப் பெருசா இருக்குமோ?” என்றாள் அந்தப் பெண். கேலி இல்லை, கோபமும் இல்லை, அப்படி ஏதாவது இருந்திருந்தால் தேவலை. “ஆமா, பெரிய பூட்டு” என்று சொல்லிவிட்டு நாகஜோதி விறுவிறுவென்று இறங்கினாள்.

பஸ் ஸ்டாப்பில் நல்ல வெயில். அண்ணனுக்கு போன் போட்டு உசிலம்பட்டிக்காரரை வர வேண்டாம் என்று சொல்லச் சொன்னாள். “அதச் சொல்லிட்டியா அவங்கட்ட?” என்றான். இல்லை என்றாள். “நல்லது” என்று வைத்துவிட்டான். திங்கட்கிழமையிலிருந்து வேலை, மாதத்துக்கு இருபத்தாறு நாள், ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம், அந்த இரும்பு நாற்காலிகளைத் தாண்டித்தான் தினமும் போக வேண்டும், அந்த மேடம், அந்த ஸ்பூன். என்றைக்காவது ஒருநாள். அப்போது மூக்கில் ஏறியது. டயர் கருகுகிற வாசம். எங்காவது குப்பை எரிக்கிறார்களா என்று தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தாள். புகை தெரியவில்லை. பக்கத்தில் டிபன் பையோடு ஒரு பெண் நின்றிருந்தாள், இரக்கமுள்ள முகம்தான். கேட்டுவிடலாம். ஏங்க, ஏதோ கருகுற வாசம் வருதா? நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கேட்டால் அவள் என்ன சொல்வாள் என்பது நாகஜோதிக்குத் தெரியும், சொல்லிவிட்டு எங்கே போய் நிற்பாள் என்பதும் தெரியும். அவள் கேட்கவில்லை. அந்தப் பெண் வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, தானாகவே இரண்டடி தள்ளி நிழலுக்குப் போனாள். நாகஜோதி பைக்குள் கையை விட்டு, சாவியைத் தேடி எடுத்து, இறுகப் பிடித்துக்கொண்டாள்.